மந்திரம் விரலில் இருக்கட்டும்

காமிக்ஸ் மந்திரவாதியைத் திரைக்குக் கொண்டுவர இதுவரை மூன்று வழிகள்தான் உருப்படியாகப் பிடிபட்டிருக்கின்றன. மந்திரமே இல்லை, எல்லாம் நமக்குப் புரியாத விஞ்ஞானம் என்று சொல்லிவிடுவது ஒன்று. மந்திரத்தைக் கைத்தொழில் மாதிரி காட்டுவது இரண்டாவது: ஆசான், பயிற்சி, முத்திரை, பிழை, தழும்பு எல்லாம் அதில் உண்டு. மூன்றாவது, ஒன்றையும் விளக்காமல் கிராபிக்ஸ் ஒளியை வாரிக் கொட்டுவது.

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் போன் கேமராவை வைத்துக்கொண்டு ரசிகர் குறும்படம் எடுக்கிற குழுக்களுக்கு இந்த மூன்றில் எதைப் பிடிப்பது என்பது நிஜமான கேள்வி. எங்கள் குழு இரண்டாவதைப் பிடித்தது. காசு குறைவு என்பது அதற்கு ஒரு காரணம்தான். பெரிய படங்களிலேயே அந்த வழிதான் நின்று பேசுகிறது என்பது முக்கியமான காரணம். அதனால் அதைப் பற்றித்தான் இங்கே நிறைய இருக்கும். மற்ற இரண்டைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

விஞ்ஞான வழிக்கு 2011-இல் வந்த ‘தோர்’ நல்ல உதாரணம். உங்கள் முன்னோர் மந்திரம் என்றார்கள், நீங்கள் விஞ்ஞானம் என்கிறீர்கள், எங்கள் ஊரில் இரண்டும் ஒன்றுதான் என்று தோரே விஞ்ஞானி ஜேனிடம் சொல்கிறான். 2008-இல் ‘அயர்ன் மேன்’ போட்டுக்கொடுத்த உலகம் இயந்திரத்தாலும் மின்சாரத்தாலும் ஆனது. அதற்குள் இடிக்கடவுளைக் கொண்டுவர அந்த வசனம் தேவைப்பட்டது, வேலையும் செய்தது. ஆனால் அதற்கான வட்டியைப் பின்னால் வருகிறவர் கட்ட வேண்டியிருக்கிறது. வாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-இல் எக்ஸ்-மென் 4-ஆம் இதழில் அவள் அறிமுகமானபோது அவள் ஒரு மியூட்டன்ட், அதாவது பிறவியிலேயே சக்தி உள்ளவள். எதிராளியின் அதிர்ஷ்டத்தையே கவிழ்க்கிற சூனியம் அவளுடையது. 2015-இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ படத்தில் அந்த மியூட்டன்ட் என்ற சொல்லைப் பயன்படுத்த முடியவில்லை. எக்ஸ்-மென் திரை உரிமை அப்போது வேறு ஸ்டுடியோவிடம் இருந்தது. அதனால் லோகியின் செங்கோலில் இருந்த கல்லை வைத்து நடந்த சோதனையில் அவளுக்குச் சக்தி வந்தது என்று எழுதினார்கள். 2021-இல் ‘வாண்டாவிஷன்’ எடுத்தபோது அதை அவிழ்த்து, பிறவியிலேயே சூனியக்காரி, கல் அதைத் தூண்டிவிட்டது என்று ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. விளக்கத்தை வைத்துக் கட்டினால் ஒவ்வொரு தொடர்ச்சிக்கும் ஒரு புது விளக்கம் வேண்டும்.

ஒளிவெள்ள வழியின் குறை வேறு. ‘பிளாக் ஆடம்’ (2022) படத்தில் பியர்ஸ் பிராஸ்னன் நடித்த டாக்டர் ஃபேட்டைப் பாருங்கள். 1940-இலிருந்து காமிக்ஸில் இருக்கிற பாத்திரம். தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டால்தான் சக்தி, அதைப் போட்டுக்கொள்வதற்கு அவர் கொடுக்கிற விலை பெரிது. அவ்வளவு நல்ல அடித்தளம். சண்டை வந்ததும் கண்ணாடிச் சில்லும் நகல் உருவங்களும் திரையை நிறைத்துவிடுகின்றன. அவர் இப்போது செய்தது சுலபமா, கஷ்டமா, இன்னொரு தடவை செய்ய முடியுமா? பார்ப்பவருக்குத் தெரியாது. அளவு தெரியாத சக்தி எத்தனை அழகாக இருந்தாலும் நெஞ்சு பதைப்பதில்லை. ஷசாம் மட்டும் விதிவிலக்கு. ஒரு சொல், ஒரு மின்னல், ஆள் மாறிவிட்டான். 1941-இல் 12 பாகத் தொடராக எடுத்தபோதும் இதேதான். சொல்லைச் சொன்னதும் குபீரென்று புகை, அடுத்த நொடி வேறு நடிகர். அந்த மாற்றத்துக்குப் பெரிய கிராபிக்ஸ் எப்போதுமே தேவைப்பட்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

காமிக்ஸ் ஓவியர் ஸ்டீவ் டிட்கோ 1963-இல் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் என்ற மந்திரவாதியை வரைந்தபோது அவர் பெரிதும் நம்பியது கையை. நடுவிரலும் மோதிர விரலும் மடங்கி, ஆட்காட்டி விரலும் சுண்டுவிரலும் நிமிர்ந்து நிற்கும் அந்தக் கையைப் பரதம் தெரிந்தவர்கள் பார்த்தால் சிம்மமுகத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். கட்டத்துக்குக் கட்டம் கை மாறும், விரல் மாறும். மந்திரம் எங்கிருந்து புறப்படுகிறது என்று வாசகனுக்குச் சந்தேகமே வராது. முத்து காமிக்ஸில் மாண்ட்ரேக்கைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அவரும் கையை நீட்டிய பிறகுதான் எதிரியின் துப்பாக்கி பாம்பாகும்.

2016-இல் வந்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ படம் இதைப் பிடித்துக்கொண்டதுதான் அதன் பலம். விரல் நடனத்தில் பெயரெடுத்த ஜேஃபங்க் என்ற கலைஞரை அழைத்து நடிகர்களின் கை அசைவுகளை அமைத்தார்கள். வேறு இடத்துக்கு மாயவாசல் திறக்கிற, காமிக்ஸில் இல்லாத ஸ்லிங் மோதிரம் என்ற ஒன்றையும் படத்துக்காக உண்டாக்கினார்கள். ஒரு கையின் இரண்டு விரலில் மோதிரம், மறு கையால் காற்றில் வட்டம். இந்த ஒரு ஏற்பாட்டால் பயிற்சிக் காட்சி முழுவதும் நமக்குப் புரிந்துவிடுகிறது. மற்ற மாணவர்கள் வட்டம் போடுகிறார்கள், தீப்பொறி சுழல்கிறது. ஸ்ட்ரேஞ்ச் போடுகிறான், இரண்டு பொறி தெறித்து அணைகிறது. அவன் தேறவில்லை என்பதை ஒரு வசனமும் சொல்லத் தேவையில்லை. பிறகு எவரெஸ்ட் பனியில் தனியாக விடப்பட்டு அவன் வட்டத்தை முடித்துத் திரும்பி வந்து விழும்போது, எவ்வளவு கஷ்டம் என்று நமக்கு முன்பே தெரிந்திருப்பதால் அந்த வெற்றி நம்முடையதாகிறது.

அவன் கை விபத்தில் நொறுங்கிய அறுவை சிகிச்சை நிபுணனின் கை. ஆணி ஏறிய, நடுங்குகிற, தழும்போடிய விரல்கள். மந்திரம் விரலில் இருக்கிற படத்தில் நாயகனின் குறையும் விரலில் இருக்கிறது. இப்படிப் பொருந்துவது அபூர்வம். இதற்கு எதிராக ஒரு நியாயம் படத்துக்குள்ளேயே இருக்கிறது, அதை மறைப்பது சரியாகாது: என் கையால்தான் எனக்கு வரவில்லை என்று அவன் சொல்லும்போது, ஒரு கை இல்லாத ஹமீர் என்ற ஆசான் அதே மந்திரத்தைச் சுலபமாகச் செய்து காட்டுகிறார். மந்திரம் கையில் இல்லை, மனதில் இருக்கிறது என்பது கதையின் கட்சி. சரி. ஆனால் அந்தக் கட்சியையும் படம் ஒரு கையைக் காட்டித்தான் நிறுவுகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது ஏன் இன்னும் ஒரு படி முக்கியம் என்றால், இங்கே நிறைய பேர் இந்தப் படங்களைத் தமிழ் டப்பிங்கில்தான் பார்க்கிறோம். டப்பிங்கில் முதலில் அடிபடுவது மந்திரச் சொல். காமிக்ஸில் ஸ்ட்ரேஞ்ச் சொல்லும் உச்சாடனங்கள் பலவும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்றி வருபவை, நம் மோனை மாதிரி. தமிழில் எழுதுகிறவர் பொருளைப் பார்ப்பாரா, மோனையைப் பார்ப்பாரா, உதட்டசைவைப் பார்ப்பாரா? குளோசப்பில் உதடு மூடுகிற இடத்தில் பகரமோ மகரமோ விழ வேண்டும். மூன்றும் சேர்ந்து அமைவது குதிரைக்கொம்பு. 2016 படம் வாய் உச்சாடனத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டுக் கையில் ஏற்றிவிட்டதால் தமிழில் பார்க்கிறவருக்கு நஷ்டமே இல்லை. கைக்கு டப்பிங் கிடையாது.

அதோடு, கையைப் படிக்க இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் பம்பை உடுக்கை அதிர, வேப்பிலையோடு சாமி வந்து ஆடுபவரின் கை எப்போது முறுக்கேறுகிறது, எப்போது தளர்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மண்ணடி பள்ளிவாசல் வாசலில், தொழுது முடித்து வருகிறவர்கள் ஓதி ஊதுவதற்காகக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருக்கும் தாய்மார்கள் மதம் பார்த்து நிற்பதில்லை. சுத்திப் போடுவதும் திருநீறு மந்திரித்துத் தருவதும் கையும் மூச்சும் சேர்ந்த வேலைதான். இப்படிப் பழகிய கண்ணுக்கு முன்னால் வெறும் ஒளியை வைத்து ஏமாற்ற முடியாது.

‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ (2021) படத்தில் மந்திரம் கெடுகிற காட்சி இந்த வழியின் உச்சம் என்று நினைக்கிறேன். பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்பதை உலகம் மறக்க, ஸ்ட்ரேஞ்ச் மந்திர வளையங்களைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார். பீட்டர் நடுநடுவே இவளுக்கு மட்டும் விலக்கு, இவனுக்கும் விலக்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் கை தடுமாறுகிறது, வளையம் அதிகமாகிறது, கடைசியில் அவர் அதை அமுக்கிப் பெட்டிக்குள் அடைக்கிறார். காரணமும் விளைவும் ஒரே சட்டகத்தில் இருக்கின்றன. அடுத்த ஆண்டு வந்த ‘மல்ட்டிவெர்ஸ் ஆஃப் மேட்னெஸ்’ படத்தில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. ஒரு சண்டைக்கு ராட்சத ரம்பம், இன்னொரு சண்டைக்கு இசைக்குறிகளை எறிவது. இசைக்குறிச் சண்டை கற்பனையாக நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவரால் இதுவும் முடியும் என்று அதற்கு முன்னால் எங்கும் விதைக்கப்படவில்லை. கை வழிக்குப் பராமரிப்பு வேண்டும் என்பதற்கு இது சாட்சி: அகராதிக்கு வெளியே ஒரு சொல்லைப் போட்டால் மற்ற சொற்களின் மதிப்பும் குறையும்.

குறும்படக் குழுக்களுக்கு இந்தப் பராமரிப்புதான் முதல் வேலை. ஆறு முத்திரைக்கு மேல் வேண்டாம்: தடுப்பு, இழுப்பு, திறப்பு, அடைப்பு, கட்டு, உடைப்பு. பரதத்தின் ஒற்றைக் கை முத்திரைகள் 28-இலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அபயம், சின்முத்திரை இரண்டையும் தொடாதீர்கள். அவற்றைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குக் கோயில் ஞாபகம் வந்துவிடும், சண்டை எடுபடாது. ஒவ்வொரு முத்திரைக்கும் எடுப்பு, பிடிப்பு, விடுப்பு என்று மூன்று எண்ணிக்கை. பிடிப்பில் அரை விநாடி கை அசையாமல் நிற்க வேண்டும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 12 ஃபிரேம். நன்றாக ஆடத் தெரிந்த பையன்களே இங்கேதான் தவறுவார்கள். வேகம் காட்ட வேண்டும் என்று பிடிப்பை விழுங்கிவிடுவார்கள். எடிட்டிங்கில் ஒளியை ஒட்ட நிலையான ஃபிரேம் கிடைக்காமல் போகும், ஒளி விரலைவிட்டு வழுக்கி ஓடும். கை மார்புக்கும் தாடைக்கும் நடுவில் இருக்கட்டும். இடுப்புக்குக் கீழே போனால் மிட் ஷாட்டில் வெட்டுப்படும், முகத்துக்கு மேலே போனால் கண் தெரியாது. உடையில் மணிக்கட்டை மூடும் தொளதொளக் கை வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கும்போதே, கைவிரல் பளிச்சென்று தெரிய அடர் நீலமோ மெரூனோ பாருங்கள். மினுமினுக்கும் சாட்டின், விளக்கொளியில் விரலைவிடப் பளபளக்கும்.

போனில் எடுக்கும்போது ஷட்டரை 1/50-இல் பூட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 அல்லது 1/100 வைத்தால் டியூப்லைட், எல்.இ.டி. வெளிச்சம் படத்தில் துடிக்காது. எக்ஸ்போஷரை ஆட்டோவில் விட்டால், கைக்கு முன்னால் விளக்கு வந்ததும் பின்னணி இருண்டு, விளக்கு போனதும் வெளுக்கும். அதற்குப் பிறகு எந்த கிராபிக்ஸும் ஒட்டாது.

மாயவாசலைப் பற்றிக் கேட்காத ஆளே இல்லை. இணையத்தில் பார்க்கிற அந்த நெருப்பு வட்டப் படங்கள் பெரும்பாலும் ஸ்டீல் வூல் என்கிற மெல்லிய இரும்பு நூல் உருண்டையைச் சுற்றி எடுத்தவை. 0000 நம்பர் ஸ்டீல் வூலை முட்டை அடிக்கும் கம்பிக்குள் திணித்து, சங்கிலியில் கட்டிப் பற்றவைத்துச் சுற்றுவார்கள். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 5 முதல் 10 விநாடி எக்ஸ்போஷர். ஸ்டில்லுக்கு அருமையாக வரும், வீடியோவுக்கு வராது. விநாடிக்கு மூன்று சுற்று சுற்றினாலும் 1/50 விநாடியில் ஒரு ஃபிரேம் பிடிப்பது வட்டத்தில் 20 டிகிரி சொச்சம்தான். முழு வட்டம் வேண்டுமானால் குறைந்தது பதினேழு ஃபிரேமை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும், அதற்குள் நடிகர் நகர்ந்திருப்பார். அதைவிடப் பெரிய விஷயம், காசிமேடு கடற்கரையில் இதைச் செய்யவே கூடாது. காய்கிற நைலான் வலை, ஃபைபர் படகு, டீசல் கேன், தார்ப்பாய்க் கூரை. எரிகிற இரும்புப் பொறி பல அடி தூரம் பறந்து விழும். ஒருவருடைய பிழைப்பே அந்த வலையில் இருக்கிறது.

அதற்குப் பதில் எல்.இ.டி. ஸ்ட்ரிப். ஒரு ரோல் 5 மீட்டர். அதை வளையமாக்கினால் விட்டம் ஏறக்குறைய 159 சென்டிமீட்டர். ஆள் லேசாகக் குனிந்து நுழையலாம், அந்தக் குனிவே வாசலை நம்பவைக்கும். வளையும் பிவிசி குழாயில் சுற்றிக் கட்டுங்கள். மீட்டருக்கு 60 விளக்கு உள்ள 5050 வகை என்றால் மீட்டருக்கு 14.4 வாட், மொத்தம் 72 வாட். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். கையில் இருக்கிறது என்று 5 ஆம்பியர் அடாப்டரைப் போட்டால் சூடேறி நடு ஷாட்டில் அணையும். 8 ஆம்பியர் வாங்குங்கள். மின்சாரத்தை ஒரு முனையில் மட்டும் கொடுத்தால் மறுமுனை மங்கி, வட்டத்தில் ஒரு பக்கம் சோகை பிடித்த மாதிரி தெரியும். இரண்டு முனையிலும் கொடுங்கள். இந்த வளையம் திரையில் தெரியப்போவதில்லை, எடிட்டிங்கில் இதன்மேல் தீப்பொறியை ஒட்டுவோம். நடிகரின் முகத்திலும் தரையிலும் சட்டையிலும் ஆரஞ்சு வெளிச்சம் விழ வேண்டும், இதன் வேலை அதுதான். ஆப்பில் செய்கிற வாசல்கள் ஸ்டிக்கர் மாதிரி தெரிவதற்குக் காரணம் அந்த வெளிச்சம் இல்லாததுதான்.

புகைக்குச் சாம்பிராணி போதும். தணலில் போட்டதும் எடுக்காதீர்கள், கட்டி கட்டியாகத் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் பரவ விடுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் அதே அளவு கரண்டியில் போடுங்கள், இல்லாவிட்டால் ஷாட்டுக்கு ஷாட் புகை ஏறி இறங்கும். ஆஸ்துமா உள்ளவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் வாண்டா விஷயத்தில் கை வழியே முழு விடை என்று சொல்ல மாட்டேன். எலிசபெத் ஓல்சனின் அசைவுகளுக்கும் ஜெனிஃபர் வைட் என்ற நடன அமைப்பாளர் இருந்தார். விரல்கள் காற்றைப் பிசைகிற அந்தத் தோரணை நன்றாகவே நின்றது. ஆனால் ‘வாண்டாவிஷன்’ எட்டாம் பகுதியில், இறந்துபோன அவள் காதலன் விஷன் வாங்கி வைத்திருந்த காலி மனையில் அவள் மண்டியிட்டு அழ, வீடும் ஊரும் தானாக எழும்பும் காட்சியில் முத்திரையே கிடையாது. உடம்பு முழுக்க உடைந்து வெளியே வருகிறது. துக்கத்தால் வருகிற மந்திரத்துக்குப் பயிற்சியும் விரல் கணக்கும் போட்டால் பொய்யாகிவிடும். ஆனாலும் அந்தத் தொடர் விதியை விடவில்லை. அறைச் சுவரில் ரூன் என்ற மந்திரக் குறிகளைப் பொறித்தவள் மட்டுமே அந்த இடத்தில் மந்திரம் செய்ய முடியும் என்று எதிரிச் சூனியக்காரி அகதா எட்டாம் பகுதியில் சொல்கிறாள். ஒன்பதாவதில் வாண்டா அதையே பெரிய அளவில் செய்து அவளை வீழ்த்துகிறாள். ‘மல்ட்டிவெர்ஸ் ஆஃப் மேட்னெஸ்’ படத்தில் டார்க்ஹோல்ட் என்ற தீய மந்திர நூலைப் படித்த பாவம் அவள் விரல்நுனியில் கறுப்பாக ஏறியிருக்கும். விலையையும் கையில்தான் காட்டினார்கள்.

விலை என்றதும் 2005-இல் வந்த ‘கான்ஸ்டன்டைன்’. அதன் நாயகன் காமிக்ஸில் இங்கிலாந்துக்காரன், படத்தில் லாஸ் ஏஞ்சலஸ்காரன். அந்த மாற்றத்துக்காக அப்போதே பலர் கோபப்பட்டார்கள், நியாயம்தான். ஆனால் நரகத்துக்குப் போகிற காட்சியை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். ஒரு நாற்காலி, கால் நனைய ஒரு பாத்திரம் தண்ணீர், மடியில் ஒரு பூனை. அவ்வளவுதான், அவன் பூனையின் கண்ணைப் பார்க்கிறான், போய்விடுகிறான். இதற்குப் பிறகு வருகிற எரியும் நரகத்துக்குப் பெரிய பட்ஜெட் வேண்டும். ஆனால் நம்மை நம்பவைத்தது அந்தப் பாத்திரத் தண்ணீர்தான். ஒரு அலுமினிய அன்னக்கூடையை வைத்து நம் குழு எதுவும் இதைச் செய்யலாம். இந்தக் கணக்கெல்லாம் குறும்படத்துக்குத்தான். தெருக்கூத்து, பள்ளி ஆண்டுவிழா மாதிரி மேடைக்கு அப்படியே பொருந்தும் என்று உறுதி கொடுக்க மாட்டேன். கடைசி வரிசையில் இருப்பவருக்கு விரல் தெரியாது, தோளில் இருந்தே வீச வேண்டியிருக்கும்.

ஸட்டானா என்ற காமிக்ஸ் மந்திரக்காரியை எடுக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 1964-இலிருந்து அவள் மந்திரம் சொல்வது சொற்களைப் பின்னாலிருந்து உச்சரித்துத்தான். சொல் வரிசை மாறாது, ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் எழுத்து திரும்பும். தமிழில் இதைச் செய்ய எழுத்தை உயிர்மெய்யாகவே எடுத்துத் திருப்புங்கள், ஒலியாகப் பிரிக்காதீர்கள். ‘கதவே திற’ என்றால் ‘வேதக றதி’. ‘நிலவே மறை’ என்றால் ‘வேலநி றைம’. வாயில் நிற்கிறது, பயமும் காட்டுகிறது. புள்ளி எழுத்து உள்ள சொல்லைத் தேர்ந்தெடுத்தால் கெட்டது. ‘பூட்டு’ என்பது ‘டுட்பூ’ ஆகும், அரங்கம் சிரித்துவிடும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் சம்பந்தரின் மாலைமாற்றில் முதல் பாட்டில் ஒரு புள்ளி எழுத்துகூட இல்லாததன் காரணம் இப்போது புரியும். நீளம் இரண்டு சொல்லுக்குள் இருக்கட்டும், நடிகை மனப்பாடமாக அல்லாமல் கோபமாகச் சொல்லும் வரை பழக்குங்கள். ‘மழையே வா’ என்று எழுதினால் ‘யேழைம’ வரை சரி, ‘வா’ என்ற ஓரெழுத்துச் சொல்லைத் திருப்ப முடியாது. அந்த இடத்தில் வசனத்தை வெட்டிவிட்டு, இழுப்பு முத்திரையை அரை விநாடி பிடித்து நிறுத்துங்கள்.